எல் பாசோ – ஹுவாரெஸ்: ஓர் ஆறும் அறுநூறு ஏக்கரும்

வெள்ளிக்கிழமை

சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ ஏறக்குறைய 550 மைல். மேற்கு டெக்சஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கு 80 மைல் வரை போகலாம். அப்படியும் பகல் முழுக்கக் காரிலேயே கழிந்தது. ஃபோர்ட் ஸ்டாக்டன் தாண்டிய பிறகு புதர், குன்று, மறுபடி புதர். எல் பாசோவை நெருங்கும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. டெக்சஸுக்குள்ளேயே வேறு நேரம்!

கூட வந்தது அலுவலக நண்பன், திருக்காட்டுப்பள்ளிக்காரன். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இருக்கும் ஹுவாரெஸ் என்றாலே, அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு 2025 வரைக்கும் விசா ஸ்டாம்பிங்தான் (பாஸ்போர்ட்டில் புது அமெரிக்க விசா ஒட்டி வாங்குவது). இவனும் சில வருடங்களுக்கு முன்னால் அதற்காக வந்து, தூதரகத்தையும் ஹோட்டல் அறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவன். "இந்தத் தடவையாவது ஊரைப் பார்க்கணும் மாப்ள" என்று கிளம்பிவிட்டான். எனக்கு வேறு காரணம் இருந்தது: சமிசால். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடிய ஆறு தடம் மாறியதால் ஏறக்குறைய அறுநூறு ஏக்கர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு நூற்றாண்டு தகராறு. கடைசியில் 1963இல் உட்கார்ந்து பேசி, எல்லையையே நகர்த்தி வைத்தார்கள். அந்த இடத்தைக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

சாயங்காலம் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தைச் சுற்றினோம். கட்டடங்கள் எல்லாம் பூட்டான் பாணி: சரிந்த சுவர், அகலமான கூரை, மேலே செம்பட்டை. 1914இல் ஒரு பத்திரிகையில் வந்த பூட்டான் படங்களைப் பார்த்த அன்றைய முதல்வரின் மனைவி, நமக்கும் மலைதானே என்று யோசனை சொன்னாராம். 1917இலிருந்து அப்படியே கட்டிக்கொண்டு வருகிறார்கள். பாலைவனத்தில் பூட்டான் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாலை வெயிலில் அந்த மலைக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

இருட்டியதும் ஃபிராங்க்ளின் மலைச்சரிவில் இருக்கும் சீனிக் டிரைவுக்குப் போனோம். கீழே ஒரே விளக்குக் கூட்டம். எங்கே எல் பாசோ முடிகிறது, எங்கே ஹுவாரெஸ் தொடங்குகிறது என்று மேலிருந்து சொல்லவே முடியாது. நண்பன் ஆற்றைத் தேடினான். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை

காலையிலேயே சமிசால் தேசிய நினைவகம். சுமார் 55 ஏக்கர் புல்வெளி, ஒரு சின்ன அருங்காட்சியகம், நாடக அரங்கு, சுவரில் பெரிய ஓவியம். நாயோடு நடக்க வந்தவர்கள்தான் அதிகம். இந்தப் புல்வெளி 1960கள் வரை மெக்சிகோ. இன்றைக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இடம். இது எப்படி ஆனது என்பதைச் சொல்ல ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க-மெக்சிகோ போர் முடிந்து 1848இல் போட்ட குவாடலூப் இடால்கோ ஒப்பந்தம், இந்தப் பகுதியில் எல்லையை ரியோ கிராண்டே ஆற்றின் நடுவே வைத்தது. மெக்சிகோவில் அதே ஆற்றுக்கு ரியோ பிராவோ என்று பெயர். 1852இல் இரு நாட்டு அளவையாளர்களும் வந்து வரைபடம் போட்டார்கள். வரைபடம் அப்படியே இருந்தது, ஆறு இருக்கவில்லை. மணலும் வண்டலுமாக இருக்கும் சமவெளி. ஒவ்வொரு வெள்ளத்திலும் தென்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு ஆறு மெக்சிகோ பக்கம் நகர்ந்தது. 1864இல் பெரிய வெள்ளம், ஒரேயடியாகத் தள்ளிப் போய்விட்டது. ஹுவாரெஸ்காரர்களின் நிலம் ஆற்றுக்கு வடக்கே, எல் பாசோவோடு ஒட்டிக்கொண்டது. எல் பாசோ வளர்ந்தபோது அந்த நிலத்தில் வீடுகளும் தொழிற்கூடங்களும் வந்துவிட்டன.

1884இல் இரு நாடுகளும் ஒரு விதி செய்துகொண்டன. ஆறு மெதுவாகக் கரையை அரித்து நகர்ந்தால், எல்லையும் அதோடு நகரும். திடீரென்று பாதையை வெட்டிக்கொண்டு வேறு இடத்தில் ஓடினால், எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். படிக்கும்போது நியாயமான விதியாகத்தான் தெரிகிறது. ஆனால் சமிசாலில் இரண்டுமே நடந்திருக்கிறது: கொஞ்சம் அரிப்பு, கொஞ்சம் வெள்ளம். 1890களில் பெட்ரோ கார்சியா என்ற மெக்சிகோக்காரர் தன் நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்று புகார் கொடுத்தபோது, அதுவரை முணுமுணுப்பாக இருந்தது இரு அரசுகளின் வழக்காக மாறியது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. வெள்ளத்துக்குப் பயந்து, ஆறு பெரிதாக வளைந்துபோன ஒரு இடத்தில் இரு நாடுகளும் சேர்ந்து 1899இல் குறுக்கே ஒரு கால்வாயை வெட்டி ஆற்றை நேராக்கின. வளைவுக்குள் இருந்த மெக்சிகோ நிலம் ஆற்றுக்கு வடக்கே தனியாக மாட்டிக்கொண்டது. எல்லை பழைய வளைவிலேயே நிற்கும் என்று முன்பே பேசியிருந்ததால், அமெரிக்காவுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மெக்சிகோ துண்டு. அதற்குக் கோர்டோவா தீவு என்று பெயர். சுற்றித் தண்ணீர் கிடையாது, பெயரில் மட்டும் தீவு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இது கடத்தல்காரர்களுக்குச் சொர்க்கம்: ஒரு வேலியைத் தாண்டினால் போதும். நான் நின்றிருந்த புல்வெளி அந்தத் தீவின் வடபகுதி.

அருங்காட்சியகத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது 1909, 1911 இரண்டும்தான். 1909 அக்டோபரில் அமெரிக்க அதிபர் டாஃப்டும் மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸும் இங்கே சந்தித்தார்கள். யார் மண் என்று தீராததால், அன்றைக்கு மட்டும் சமிசாலை நடுநிலை மண் என்று வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக் கொடியும் பறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். அதிபர்களின் ஊர்வலம் போகும் பாதையில், உள்ளங்கையில் மறைக்கும் கைத்துப்பாக்கியோடு ஒரு ஆளையும் பிடித்தார்கள்.

அடுத்து நடுவர் மன்றம். அமெரிக்கா தரப்பில் ஆன்சன் மில்ஸ், மெக்சிகோ தரப்பில் பெல்ட்ரான் இ புகா, தலைமைக்குக் கனடாவின் சட்ட வல்லுநர் யூஜின் லாஃப்ளர். 1911 ஜூனில் தீர்ப்பு: 1864 வரை நடந்தது அரிப்பு, அந்த நிலம் அமெரிக்காவுக்கு, 1864 வெள்ளத்தில் போனது மெக்சிகோவுக்கு. ஆகவே 1864இல் ஆறு ஓடிய தடம்தான் எல்லை. அந்தத் தடம் எங்கே என்று இப்போது யாராலும் காட்ட முடியாது என்று சொல்லி அமெரிக்கா தீர்ப்பை ஏற்க மறுத்துவிட்டது. வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தீர்ப்பு வந்ததும் கையை விரித்தது மெக்சிகோவில் அரை நூற்றாண்டு மறக்கப்படவில்லை. அந்த நேரத்தில் மெக்சிகோவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மே மாதம்தான் புரட்சிப் படை ஹுவாரெஸைப் பிடித்து, தியாஸ் பதவியைவிட்டுப் போயிருந்தார்.

பிறகு என்ன மாறியது? ஆறு மாறவில்லை, ஆதாரமும் புதிதாகக் கிடைக்கவில்லை. கியூபாவில் புரட்சி நடந்தது. லத்தீன் அமெரிக்கா கையைவிட்டுப் போய்விடுமோ என்று வாஷிங்டன் கவலைப்பட்ட காலம் அது. 1962இல் மெக்சிகோ போன கென்னடியிடம் அதிபர் அடோல்ஃபோ லோபஸ் மதேயோஸ் சமிசாலைப் பற்றிப் பேசினார். 1911 தீர்ப்பை அடிப்படையாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. 1963 ஆகஸ்ட் 29 அன்று ஒப்பந்தம். நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். டிசம்பரில் செனட் ஒப்புதல் தந்தது. மெக்சிகோவுக்கு 630 ஏக்கர் போகும், கோர்டோவா தீவின் வடபகுதி 193 ஏக்கர் அமெரிக்காவுக்கு வரும். நிகரமாக மெக்சிகோவுக்கு 437 ஏக்கர். புதிய எல்லைக்குப் புதிதாக ஆற்றையே வெட்டிக் கொடுப்பது, செலவு பாதிப் பாதி.

1864 தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்களா என்றால், இல்லை. அது எங்கேயாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இவ்வளவு ஏக்கர், இந்த இடத்தில் கால்வாய் என்று பேசி முடித்தார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். யார் சொல்வது சரி என்று நிரூபிக்கும் ஆசையை இரண்டு பேரும் விட்ட பிறகுதான் காரியம் நடந்தது.

பிடிக்காதது அடுத்த அறையில் இருந்தது. போகிற 630 ஏக்கரில் ஏறக்குறைய 5,600 பேர் குடியிருந்தார்கள். ரியோ லிண்டா, கோர்டோவா கார்டன்ஸ், எல் ஹார்தின் என்று முழுத் தெருக்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், உழைத்துச் சேர்த்துக் கட்டிய சின்ன வீடுகள். எல்லோரும் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு அரசு விலை கொடுத்தது; அந்தப் பணத்தில் அதே மாதிரி வீடு வேறு எங்கும் வாங்க முடியவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். விட்டுப்போன கட்டடங்களுக்கு மெக்சிகோ 47 லட்சம் டாலர் தந்தது. படங்களில் ஒரு வீட்டு வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது, பின்னால் பூந்தொட்டிகள். இரு நாட்டுக் கொடிகளோடு அதிபர்கள் கைகுலுக்கும் படம் இதைவிடப் பெரிய அளவில் மாட்டியிருக்கிறது.

இந்தியாவும் வங்கதேசமும் 2015இல் 162 நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது, நூறாவது திருத்தம். ஆனால் அங்கே குடியிருந்தவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் அதே வீட்டில் இருந்தபடியே நாடு மாறினார்கள். எல் பாசோவில் மண் மட்டும்தான் நாடு மாறியது, ஆட்கள் இல்லாமல். யாரும் மெக்சிகோவில் வாழ விரும்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் பேசிய மேஜையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

பக்கத்திலேயே போவி உயர்நிலைப் பள்ளி. மெக்சிகோவிடமிருந்து வந்த மண்ணில்தான் 1970களில் அதன் இன்றைய வளாகத்தைக் கட்டினார்கள். எல்லைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் எல்லைக் காவலர்கள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மறித்து மறித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 1992இல் வழக்குப் போட்டார்கள். தோற்றம் மெக்சிகோக்காரர் மாதிரி இருக்கிறது என்பதற்காக மட்டும் மறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை

பாசோ தெல் நோர்தே பாலத்தில் நடந்தே போனோம். சில்லறையைப் போட்டால் கதவு திறக்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. திரும்பி வரும்போதுதான் காகிதம் எல்லாம். எதையும் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பாலத்தின் நடுவில் எல்லைக் கல்வெட்டு. எட்டிப் பார்த்தோம். கீழே சரிவான கான்கிரீட் சுவர்கள், நடுவே கான்கிரீட் தரை, ஒரு ஓரத்தில் ஈரம் மாதிரி ஏதோ. அவ்வளவுதான் ரியோ கிராண்டே. "இதுக்கா மாப்ள நூறு வருஷம் சண்டை? நம்ம ஊர் வாய்க்காலே தேவலாம்" என்றான் காவிரிக்கரைக்காரன். பக்கத்தில் சுருள்கம்பி, கேமரா, காவலர் வண்டி.

ஹுவாரெஸ் அவெனிதாவில் பல் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளுமாக வரிசை. அமெரிக்காவில் கட்டுப்படியாகாதவர்கள் இங்கே வருகிறார்கள். 1659இல் தொடங்கிய குவாடலூப் மாதா திருச்சபைக் கோயில், வெள்ளைச் சுவரும் மரவேலைப்பாடு செய்த உத்தரங்களுமாகச் சின்னதாக இருக்கிறது. பக்கத்தில் பெரிய பேராலயம். ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு பாட்டியம்மாவிடம் பரிட்டோ (உள்ளே கூட்டு வைத்துச் சுருட்டிய ரொட்டி) வாங்கிச் சாப்பிட்டோம். மெல்லிசு, ஒரு கூட்டு மட்டும் உள்ளே. அமெரிக்கக் கடைகளில் தலையணை அளவுக்குச் சுற்றித் தருகிறார்களே, அதை இனிமேல் தொட மாட்டேன்.

மதியம் சமிசால் பூங்கா, இந்தப் பக்கத்துச் சமிசால். அமெரிக்கப் பக்கத்து நினைவகம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது பல மடங்கு பெரிது. ஊரே இங்கேதான் இருந்தது. அடுப்பு மூட்டிக் கறி வாட்டும் குடும்பங்கள், பிறந்தநாள் பலூன், பந்து விளையாடும் பையன்கள், ஒரு பக்கம் ஊதல் இசைக்குழு. பெனித்தோ ஹுவாரெஸ் விளையாட்டரங்கமும் ஒரு தொல்லியல் அருங்காட்சியகமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, செபாஸ்டியன் என்ற சிற்பி செய்த பிரம்மாண்டமான சிவப்பு 'எக்ஸ்' வானத்தில் நிற்கிறது. நேற்று அமெரிக்கப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

ரியோ லிண்டா மாதிரித் தெருக்கள் இருந்த மண்ணில் இப்போது மரங்களும் புல்லும். மீட்ட நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல் எல்லோருக்கும் பூங்காவாக விட்டதற்கு ஹுவாரெஸைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு பெரியவரிடம் என் அரைகுறை ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தேன். "இது கிரிங்கோக்கள் திருப்பித் தந்த இடம்" என்றார் சிரித்துக்கொண்டே. கிரிங்கோ என்றால் அமெரிக்கன். அங்கே வீடு இழந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். "அவர்களும் எங்கள் ஆட்கள்தானே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பேரன் ஐஸ்கிரீம் கேட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

திரும்புவதற்கு அமெரிக்காக்களின் பாலம். கட்டணம் கிடையாது, ஹுவாரெஸில் எல்லோரும் 'புவென்தே லிப்ரே', அதாவது இலவசப் பாலம் என்றே சொல்கிறார்கள். இதுவும் சமிசால் ஒப்பந்தத்தை ஒட்டிக் கட்டியது. 1968 டிசம்பர் 13 அன்று அதிபர்கள் ஜான்சனும் தியாஸ் ஒர்தாஸும் வந்து, சுமார் ஏழு கிலோமீட்டர் நீளமான புதிய கான்கிரீட் கால்வாயில் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். இனி அரிப்பும் கிடையாது, தடம் மாறுவதும் கிடையாது. மெக்சிகோவில் அந்தக் கால்வாய்க்கு லோபஸ் மதேயோஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். நண்பன் தன் பழைய ஸ்டாம்பிங் கதைகளைச் சொல்லித் தீர்த்தான். முன்னால் நின்ற கல்லூரிப் பெண் வாரக்கடைசியைப் பாட்டி வீட்டில் கழித்துவிட்டு எல் பாசோவுக்குத் திரும்புகிறாள். அவளுக்கு இந்த வரிசை பஸ் நிறுத்தம் மாதிரி. காதில் பாட்டு, கையில் பாடப்புத்தகம்.

திங்கட்கிழமை

ஊர் திரும்பும் முன்னால் தண்ணீர் எங்கே போயிற்று என்று பார்த்துவிடலாம் என்று மேற்கே போனோம். மேலே சுமார் 125 மைல் தொலைவில், நியூ மெக்சிகோவில், 1916இல் கட்டி முடித்த எலிஃபன்ட் பியூட் அணை. நம் மேட்டூர் மாதிரி, பாசனக் காலத்தில்தான் திறப்பார்கள். பிப்ரவரியில் வந்தால் காய்ந்த ஆறுதான். எல் பாசோவுக்குள் நுழையும் இடத்தில் 1930களில் கட்டிய அமெரிக்கன் அணை, அமெரிக்காவின் பங்கை எல்லையைத் தொடும் முன்பே கால்வாயில் திருப்பிவிடுகிறது. 1906 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி). அது ஹுவாரெஸின் பழைய தாய்க்கால்வாயில் இறங்கிவிடும். பெரிய வறட்சி வந்தால் இருவருக்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். இந்த ஒரு வரிக்காக நம் ஊரில் எத்தனை வருடம் நீதிமன்றம் ஏறினோம் என்று இருவருமே பெருமூச்சு விட்டோம்.

அங்கே வேலியும் காவலுமாக இருந்ததால் பக்கத்தில் போக முடியவில்லை. முதலாம் எண் எல்லைக் கம்பம் அந்தப் பக்கம்தான். அதிலிருந்து கிழக்கே மெக்சிகோ வளைகுடா வரை ஆறு எல்லை. மேற்கே நிலத்தில் போட்ட கோடு.

ஐ-10இல் கிழக்கே ஒரு மணி நேரம் வந்து ஃபோர்ட் ஹன்காக்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பருத்தி வயல்கள், தூரத்தில் கரை, அதற்கப்பால் மெக்சிகோ. எல் பாசோவுக்குக் கீழே இந்தப் பள்ளத்தாக்கில் ஆறு 155 மைல் வளைந்து வளைந்து ஓடியது. 1933இல் ஒரு ஒப்பந்தம் போட்டு, வளைவுகளை வெட்டி ஏறக்குறைய 86 மைலாக்கினார்கள். வெட்டிய துண்டுகளில் இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று ஏக்கருக்கு ஏக்கர் சமமாக மாற்றிக்கொண்டார்கள். அப்போது சமிசாலை மட்டும் தொடவில்லை. வயல்காட்டில் முப்பதுகளிலேயே முடிந்த காரியம், ஊருக்குள் வீடும் மானமும் சேர்ந்துகொண்டதால் இன்னும் முப்பது வருடம் காத்திருந்தது. 1970இல் போட்ட எல்லை ஒப்பந்தம், மிச்சமிருந்த துண்டுகளையும் தீர்த்துவிட்டு, இனி ஆறு தடம் மாறினால் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர இரு நாடுகளுக்கும் வழிசெய்து வைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் எல்லை நீர் ஆணையத்துக்கு எல் பாசோவில் ஒரு அலுவலகம், ஹுவாரெஸில் ஒரு அலுவலகம்.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஆற்றைப் பார்க்க எந்தச் சாலையில் போகணும் என்று நண்பன் கேட்டான். இப்போது தண்ணீர் இருக்காது, மே கடைசியில் வாருங்கள் என்றாள். சரி என்று காபியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இன்னும் 500 மைல் ஓட்ட வேண்டும்.